நறுக்கும் பலகைக்கு எந்த எண்ணெய்?

காய் நறுக்கும் மரப்பலகை கழுவும்போது ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இது மாறி மாறி நடப்பதால் பலகை வளைந்து, ஓரங்களில் விரிசல் விடுகிறது. விரிசலில் தங்கும் இறைச்சிச் சாறு எளிதில் கழுவி வராது. மரத்தின் நுண்துளைகளில் எண்ணெய் முன்பே புகுந்துவிட்டால் தண்ணீர் இறங்குவது குறையும். அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போனாலும் தீங்கு செய்யக்கூடாது. மரத்துக்குள் இருந்து காறவும் கூடாது.

சூரியகாந்தி எண்ணெயும் கடலை எண்ணெயும் உண்ணத் தக்கவைதான். ஆனால் அவற்றிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு காற்றின் ஆக்சிஜன் பட்டுச் சிதைவதால், நாளடைவில் பலகை பிசுபிசுத்துக் காறல் வாடை வீசும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது மெதுவாகவே காறும். எனினும் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைவதால், குளிர்காலத்தில் பலகையின் மேல் வெள்ளையாகப் படியலாம்.

மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின் இதற்கு மிகவும் ஏற்றது. பெட்ரோலியத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய இதற்கு நிறமோ மணமோ இல்லை, காறுவதும் இல்லை. வேறு மருந்து கலக்காததாகவும், இந்திய மருந்துத் தரத்தைக் குறிக்கும் ‘ஐ.பி.’ எழுத்துகள் உள்ளதாகவும் பார்த்து வாங்க வேண்டும். இயந்திர எண்ணெயும் வாசனை சேர்த்த பேபி ஆயிலும் ஆகாது. லிக்விட் பாரஃபின் இறுகாமல் திரவமாகவே இருப்பதால் கழுவக் கழுவக் குறையும். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகை, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கிக் கலந்தால் கூடுதல் நாள் தாங்கும்.

ஆளிவிதை, வால்நட், டங் எண்ணெய்கள் காற்றில் இறுகிப் படலமாகும். தூய ஆளிவிதை எண்ணெய் பாதுகாப்பானது. ஆனால் இறுகப் பல நாள் பிடிக்கும். ஹார்டுவேர் கடைகளில் விற்கும் ‘பாயில்டு லின்சீட் ஆயிலில்’ விரைவில் உலர கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்ப்பது வழக்கம். உணவு படும் பலகைக்கு அதைத் தவிர்க்க வேண்டும். கொட்டை ஒவ்வாமை உள்ள வீட்டில் வால்நட் எண்ணெய் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

லிக்விட் பாரஃபின் பூசுவதற்கு முன் பலகையைக் கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். துணியில் எண்ணெய் தொட்டு எல்லாப் பக்கங்களிலும் தேய்க்க வேண்டும். ரேகைகள் முடியும் குறுக்குவெட்டு முனைகள் அதிகம் குடிக்கும். அங்கே இரண்டு முறை பூசலாம். இரவு முழுதும் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடலாம். பின்னர் அவ்வப்போது ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். அது முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் போதும். பரவிக் கருத்த கறையாக ஊறினால் மீண்டும் பூச வேண்டும்.