உஷார்! ‘கரண்ட்’ வைத்தவர் சோற்றைத் தள்ளிவிட்டால் சும்மா இருக்காதீர்கள்

கடம்பத்தூரில் ரயில் ஏறி சென்னைக்குப் போய், வாய்ப் புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ ‘கரண்ட்’ (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொண்டு திரும்புகிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

வாரத்துக்கு 5 நாள் என்று 6, 7 வாரம் ஓடும் சிகிச்சை அது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தட்டை நகர்த்திவிட்டு, “மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு” என்பார். சாம்பாரில் உப்பே இல்லை என்பார். தண்ணீர்கூடக் கசக்கிறது என்பார். “நான் சமைச்சது பிடிக்கலை, அடம் பிடிக்கிறார்” என்று வீட்டில் சண்டை மூளுவது இங்கேதான். அவர் அடம் பிடிக்கவில்லை. ருசி நிஜமாகவே போய்விட்டது. நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் ஏறக்குறைய 10 நாளுக்கொரு முறை புதிதாக முளைப்பவை. கதிர் அந்த முளைப்பைக் கெடுக்கிறது. உமிழ்நீரும் வற்றுகிறது. எச்சில் ஊறாத வாயில் எந்த ருசி ஏறும்?

சிகாகோவில் ‘அலினியா’ உணவகத்தை நடத்தும் சமையல் கலைஞர் கிராண்ட் அகாட்ஸுக்கு 2007இல் நாக்கில் புற்று. கதிர்வீச்சில் அவருக்கே ருசி அறவே போனது. பிறகு முதலில் இனிப்பு, அப்புறம் மற்றவை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில், ருசி ஓரளவுக்காவது மீள்கிறது. ஒரு சிலருக்கு முழுதாக வருவதில்லை.

ஆபத்து, அதுவரை பட்டினி கிடப்பதில்தான். உடம்பு இளைத்தால், சிகிச்சைக்கென முகத்துக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் முகமூடி தளர்ந்துபோகும். கதிர் இடம் மாறிப் பாயக்கூடாது என்பதால் திரும்ப அளவெடுக்க வேண்டிவரலாம். தெம்பில்லை என்று ஒரு வாரம் போகாமல் விட்டாலோ, அந்த இடைவெளியில் புற்று மறுபடி தலைதூக்கலாம். ஆகவே வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றால் பயந்து ஓடிவராதீர்கள். அது கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை, சிகிச்சையை முடிக்க உதவும் வழி. நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து உண்டு.

சர்க்கரை மாத்திரை போடுகிறவரா? இன்னும் உஷார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே வந்து தந்த மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, ருசியில்லை என்று சோற்றை விட்டால் சர்க்கரை சரிந்து மயங்கி விழலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கெட்டுப்போன பால், ஊசிப்போன குழம்பு எதுவும் அவர் நாக்குக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் ருசி பார்த்த பிறகே கொடுங்கள்.

ஊறுகாயும் காரக் குழம்பும் நாக்கை எழுப்பும் என்று நினைத்துக் கொடுப்பது கொடுமை. வெந்த வாய் எரியும். ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைய வேகவைத்த பருப்புச் சோறு, அவித்த முட்டையை மசித்தது, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை கொடுங்கள். இரும்பு வாடை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி. சாப்பிடுமுன் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரில் கொப்பளிக்கட்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது ‘ஹான்ஸ்’ புகையிலை. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க அதை வாயில் அடக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! 2013இலேயே தமிழக அரசு தடை போட்டும் கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வாய் சப்பென்று இருக்கிறதே என்று மறுபடி ஒரு சிட்டிகை வைத்தால், புற்றைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

மிட்டாய் சப்புவதும் வேண்டாம். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும். கதிர்பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். சிகிச்சை முடிந்து பத்து வருடம் ஆனாலும் சரி, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்கிறாரோ இல்லையோ, கரண்ட் வைத்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.