உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை!
கடலூர் மாவட்டப் பாட்டிமார் எடை குறைக்க எளிய வழிகள்

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் சம்பா நடவு என்றால், விடியும் முன்பே பெண்கள் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வயலில் இறங்கிவிடுவார்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுவடை, கட்டுத் தூக்குதல் என்று பருவம் முழுவதும் வேலை இருக்கும். வீடு திரும்பினால் குடத்தில் தண்ணீர், அம்மியில் மசாலா, ஆட்டுக்கல்லில் மாவு.

இன்று நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. வீட்டில் குழாய், மிக்சி, கிரைண்டர். முதுகு ஒடிய உழைத்தவர்களுக்கு இந்த ஓய்வு நியாயமானதுதான். ஆனால், வேலை பாதியாகக் குறைந்தபோது தட்டில் விழும் சோறு பாதியாகவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டியின் பொறுப்பு. பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட்டும் அரைத் தோசையும் ‘வீணாகிறதே’ என்று பாட்டி வாய்க்குத்தான் போகின்றன. 55 வயதைத் தாண்டிய பல பெண்களுக்கு இடுப்பு பெருக்க இதுவே காரணம், சோம்பல் அல்ல.

வரப்பில் காத்திருக்கும் ஆபத்து

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. இடுப்பைச் சுற்றிய கொழுப்பு நீரிழிவுக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

விவசாயக் குடும்பத்துக்கு இதில் தனி ஆபத்து உண்டு. சர்க்கரை பல ஆண்டு கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதம் மரத்துப்போகும். வெறுங்காலோடு வரப்பில் நடக்கும்போது நத்தை ஓடு கிழித்தாலும், கருவேல முள் ஏறினாலும் தெரியாது. சேற்றுப் புண் ஆறாமல் போய், விரலையும் சிலருக்குக் காலையும் எடுக்க வேண்டிய நிலை வருகிறது. ஒரு போக வருமானம் மருத்துவச் செலவுக்கே போய்விடும்.

முதலில் அளவு எடுங்கள்

தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் சுற்றளவு எடுக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது சுமார் 31½ அங்குலத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. எடையைப் பொறுத்தவரை, 150 செ.மீ. உயரமுள்ள பெண் 52 கிலோவைத் தாண்டினால் கூடுதல் எடை. 56 கிலோவைத் தாண்டினால் உடல் பருமன். இது இந்தியர்களுக்கான கணக்கு.

அதற்காக இளம்வயது எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 65 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலரைக் கிலோ குறைத்தாலே பலன் தெரியும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவிகிதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 71 சதவிகிதம் குறைந்தது! சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்விலும், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு 28.5 சதவிகிதம் குறைந்தது. ‘இந்த வயதில் என்ன பலன்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்று கணக்கு உள்ளது. நடமாட்டம் குறைந்த பாட்டிக்கு அவ்வளவு கலோரி தேவைப்படாது. தானியத்தை இன்னும் குறைக்கலாம். காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான் என்பதை மறக்கக் கூடாது.

* சோறு: வழக்கமாக வைக்கும் கரண்டியில் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். அந்த இடத்தில் பொரியல், கூட்டு, கீரை. தட்டில் முதலில் காய், பிறகு சோறு.
* பருப்பு: சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு வயலில் தெளிக்கும் உளுந்தையும் பயறையும் மொத்தமாக விற்றுவிட்டு, பிஸ்கட் வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். தசை கரையாமல் இருக்க முதியோருக்குப் புரதம் அவசியம். முளைகட்டிய பயறு, முட்டை, மோர் எல்லாம் நல்லது. மீன் சாப்பிடுபவர்கள் நெத்திலியையும் மத்தியையும் வறுக்காமல் குழம்பாக வைக்கலாம்.
* எண்ணெய்: ஒருவருக்கு நாளுக்கு 6 தேக்கரண்டி உச்ச அளவு. எடை குறைப்பவர் நான்கோடு நிறுத்தலாம். ரேஷன் பாமாயில், செக்கு மல்லாட்டை எண்ணெய் இரண்டிலும் கலோரி ஒன்றுதான்.
* சர்க்கரை: டீக்கு 2 தேக்கரண்டி வீதம் நான்கு டீ என்றால் நாளுக்கு 40 கிராம், மாதம் 1.2 கிலோ. வாரம் அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். வெல்லத்துக்கு மாறினால் எடை குறையாது.
* பண்ருட்டி விளைச்சல்: முந்திரி நாளுக்கு ஐந்தாறு பருப்பு போதும். பலாச்சுளை இரண்டு, மூன்று. பலாக்காய்ப் பொரியல் என்றால் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம்.

நடை எங்கே?

ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால், வாரம் ஐந்து நாளில் 150 நிமிடம் ஆகிவிடும். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு நான்கு தேர் வீதிகள் இருக்கின்றன. கடலூரில் இருப்பவர்களுக்கு சில்வர் பீச் இருக்கிறது. கிராமத்தில் ஏரிக்கரையோ குளக்கரையோ போதும். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் சரி. பாடும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால் வேகம் போதாது. வயல், வரப்பு எங்கும் காலணி கட்டாயம்.

நடையோடு வலுவும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து பத்து முறை எழுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். வாரம் மூன்று நாள் இதைச் செய்தால் கீழே விழும் ஆபத்து குறையும். வீட்டுத் தோட்டத்தில் கொத்துவதும் தண்ணீர் ஊற்றுவதும் உடற்பயிற்சிதான். அங்கே விளையும் கீரையும் கத்தரியும் சட்டிக்கு வரும். சிதம்பரத்துக்காரர்களுக்குக் கத்தரிக்காய் கொத்சு செய்யச் சொல்லித்தர வேண்டுமா? எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*சோற்றுக்குப் பதில் கம்பு, வரகு சாப்பிட்டால் எடை குறையுமா?*
அளவைக் குறைத்தால்தான் குறையும். 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி, கம்பில் 348, வரகில் 332, கேழ்வரகில் 321. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து அரிசியைப் போல நான்கு மடங்கு. சீக்கிரம் வயிறு நிறையும். கூழாகக் குடிப்பதைவிட களியாகவோ அடையாகவோ மென்று சாப்பிடுவது நல்லது.

*மூட்டுவலி இருக்கிறது, எப்படி நடப்பது?*
எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் 4 கிலோ குறைகிறது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி மறுநாளும் நீடித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*பட்டினி கிடந்தால் சீக்கிரம் குறையுமே?*
முதியவர்களுக்குப் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைந்து, எழுந்து நடக்கவே தடுமாறுவார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் உணவைத் திடீரென்று குறைத்தால் தாழ்சர்க்கரையால் வியர்த்து மயங்கலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடை குறைக்கும் பொடி விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பரிசோதனை எங்கே?

5.8.2021 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொடர் மருந்தும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் காமராஜ் அரசு மருத்துவமனை ஆகியவற்றையும் நாடலாம். அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது, இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாகச் செயல்படுகிறது.

பயிருக்கு மண் பரிசோதனை, உரக் கணக்கு எல்லாம் எழுதி வைப்பது போல, மாதத்தின் முதல் தேதியில் பாட்டியின் இடுப்பளவையும் எடையையும் காலண்டரில் குறித்து வையுங்கள். பாட்டிக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீடு முழுக்க அதே கீரை, அதே பருப்பு, அதே அளவு எண்ணெய் என்றால்தான் இது நிலைக்கும். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது.