ஞானத்தகப்பன் என்னும் சொல்

செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இராஜகிரி உச்சியில் நிற்கும்போது, ஒருவருக்கும் 'போதும்' என்று சொல்லத் தெரியவில்லையே என்று நமக்குத் தோன்றும். திரைப்படங்களில் வரும் குற்றக் குடும்பத் தலைவர்களுக்காவது அது தெரிந்திருந்ததா?

1972இல் வெளிவந்த 'காட்ஃபாதர்' படத்தின் பெயரே நம் ஆலயத்துச் சொல்தான்: ஞானத்தகப்பன். அதில் தந்தை விட்டோ, மூத்த மகன் கொல்லப்பட்ட பிறகும் பழிவாங்காமல் சமாதானம் பேசுகிறார். போதைப்பொருள் வியாபாரத்தையும் மறுத்தவர் அவர். ஆனால் அந்த மறுப்பில் மனச்சாட்சியைவிட, அரசியல்வாதிகளின் நட்பு போய்விடுமே என்ற கணக்குதான் அதிகம்.

இளைய மகன் மைக்கேலுக்கு அந்தக் கணக்கும் இல்லை. தங்கையின் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்று, சாத்தானை விட்டுவிடுவதாக வாக்களிக்கிறான். நாம் பாஸ்கா இரவில் மெழுகுதிரியோடு சொல்லும் அதே வாக்கு! அந்நேரமே எதிரிகள் அவன் கட்டளைப்படி சுடப்படுகிறார்கள். அன்றே அக்குழந்தையின் தகப்பனும் கொல்லப்படுகிறான். இரண்டாம் பாகத்தில் (1974) சொந்த அண்ணனையும் அவன் விட்டுவைக்கவில்லை.

நம் 'நாயகன்' (1987) வேலு நாயக்கர் வேறு வகை. பணத்தாசை குறைவு, தாராவி மக்களுக்காகவே எல்லாம் என்பார். நம் அனுதாபமும், உண்மையைச் சொன்னால், அவர் பக்கமே. ஆனாலும் மகன் சாகிறான். மகள் பிரிந்து போகிறாள். கடைசியில், நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கிறான். தாத்தாவுக்குத் தெரியவில்லை.