எப்படி இயங்குகிறது? நூலகத்தில் காலி இடம் காட்டும் திரை

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கைசல் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. வில்லியம் பெரேரா வடிவமைத்த, 1970-இல் திறக்கப்பட்ட கட்டடம். கீழே இரண்டு தளங்கள், நடுவே திறந்தவெளி மன்றம், அதற்கு மேல் நான்காம் தளத்திலிருந்து எட்டாம் தளம் வரை கோபுரம். மேலே போகப் போக அமைதி கூடும் என்பது மாணவர்கள் கணக்கு. தேர்வு நேரத்தில் முதுகுப் பையோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்து எட்டாம் தளம் ஏறி, சுற்றிப் பார்த்து, இடமில்லாமல் ஏழு, ஆறு என்று இறங்கி வந்தால், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும்.

எந்தத் தளத்தில் எவ்வளவு கூட்டம் என்று கைபேசியிலேயே காட்டும் ‘வெயிட்ஸ்’ செயலி அந்த வளாக மாணவர்கள் தொடங்கியதுதான். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பட்லர் நூலகம் உள்ளிட்ட இடங்களின் நெரிசலைக் காட்டும் ‘டென்சிட்டி’ திட்டத்தை மாணவர்களே உருவாக்கினார்கள். இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கல்யாண வீட்டுச் சமையல்கட்டிலிருந்து பார்த்தால் எளிதில் புரியும்.

சமையல் மாஸ்டர் அடுப்படியை விட்டு நகர மாட்டார். பந்தி நடக்கும் கூடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அடுத்த உலை எப்போது வைப்பது, அப்பளம் எத்தனை பொரிப்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அவருக்குத் தகவல் வரும் வழி மூன்று: வாசலில் நிற்பவர் சொல்லும் தலைக்கணக்கு, திரும்பி வரும் சாம்பார் வாளி, பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துச் சொல்லும் கணக்கு. நூலகத்துக்கும் இதே மூன்று வழிகள்தான்.

வாசல் கணக்கு

நுழைவாயிலில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்று ஓடும். யாராவது கடந்தால் கதிர் அறுபடும், எண் ஒன்று கூடும். அடுத்தடுத்து இரண்டு கதிர்கள் இருந்தால் எது முதலில் அறுந்தது என்பதை வைத்து ஆள் உள்ளே போகிறாரா வெளியே வருகிறாரா என்று தெரியும். உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்களைக் கழித்தால் மிச்சம் உள்ளே இருப்பவர்கள்.

சிக்கல், பிழை சேர்ந்துகொண்டே போவதில் இருக்கிறது. இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நுழைந்தால் ஒருவராகப் பதிவாகும். காலையில் விழுந்த பிழை மாலைக் கணக்கிலும் இருக்கும். இரவு பூட்டும் நூலகத்தில் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 24 மணி நேரமும் திறந்திருக்கும் நூலகத்தில் அதற்கும் வழியில்லை. தவிர, வாசலில் எண்ணினால் கட்டடத்துக்குள் எத்தனை பேர் என்பது மட்டும்தான் தெரியும். எட்டாம் தளத்தில் எத்தனை பேர் என்பது தெரியாது.

வாளிக் கணக்கு

வாளி எவ்வளவு சீக்கிரம் காலியாகித் திரும்புகிறது என்பதை வைத்து மாஸ்டர் பந்தியின் அளவை ஊகிப்பார். நூலகத்தில் அந்த வாளி, கூரையில் பொருத்தியிருக்கும் வைஃபை பெட்டி. தன்னோடு எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்பது ஒவ்வொரு பெட்டிக்கும் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த எண்களைத் திரட்டித் தளவாரியாகக் கூட்டினால் நெரிசல் தெரிந்துவிடும். கொலம்பியாவின் திட்டம் இந்த வகை. வெயிட்ஸ், சுவரில் செருகும் சிறு உணரிகளை வைத்து, சுற்றியுள்ள கருவிகளின் வைஃபை, புளூடூத் சிக்னல்களைக் கேட்டு மதிப்பிடுகிறது.

ஒருவர் மூன்று கரண்டி கேட்பார், இன்னொருவர் சாம்பாரே வேண்டாம் என்பார். அதுபோல ஒரு மாணவியிடம் மடிக்கணினி, கைபேசி, கைக்கடிகாரம் என மூன்று கருவிகள் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் புத்தகம் மட்டும் வைத்திருப்பார். ஆறாம் தளத்தில் இருப்பவரின் கைபேசி ஐந்தாம் தளத்துப் பெட்டியோடு இணைந்திருக்கும். அதனால் யாராவது தளம் தளமாக நடந்து தலைகளை எண்ணி, கருவிக்கு இத்தனை பேர் என்று விகிதம் கண்டு கணக்கைத் திருத்த வேண்டும். சாதாரண நாளின் விகிதம் தேர்வு வாரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது மறுபடி நடந்து எண்ணத்தான் வேண்டும்.

இணையாமலே அருகில் அலையும் கைபேசிகளைக் கேட்டு எண்ணுவது இப்போது இன்னும் கடினம். வைஃபையைத் தேடும்போது கைபேசி தன்னை அடையாளம் காட்டும் உண்மையான முகவரியை மறைத்துப் பொய் முகவரி காட்டும் வழக்கத்தை ஆப்பிள் 2014-இல் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் இணையும்போதும் மாற்று முகவரி காட்டுவது 2019-இல் இயல்பாயிற்று. ஒரே கைபேசி பல கைபேசிகளாகத் தெரியக்கூடும். பயனரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது. எண்ணுகிறவர்கள்தான் வேறு வழி தேட வேண்டும்.

இலைக் கணக்கு

மூன்றாவது வழி ஒவ்வோர் இருக்கையையும் பார்ப்பது. மேசைக்கு அடியில் உடல் வெப்பத்தின் அசைவை அறியும் உணரியை ஒட்டுவார்கள். ஆழ்ந்து படிப்பவர் அசையாமல் இருந்தால் அது ‘காலி’ என்று சொல்லிவிடும். அதற்காகச் சில நிமிடம் பொறுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று அமைப்பார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பந்தியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டுக் கைகழுவப் போவார்களே, அதே வழக்கம் நூலகத்திலும் இருக்கிறது. புத்தகப்பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். பைக்கு உடல் வெப்பம் கிடையாது. திரை ‘காலி’ என்கிறது, நம்பி ஏறி வந்தவர் பையைப் பார்த்துத் திரும்புகிறார். ஆளை எண்ணிவிடலாம், கிடைக்கக்கூடிய இடத்தை எண்ணுவதுதான் கடினம்.

தென்கொரியாவின் பல பல்கலைக்கழக நூலகங்கள் இதை விதியால் தீர்த்தன. மாணவர் அட்டையைக் காட்டினால் வாசிப்பறையில் இருக்கை எண் கிடைக்கும். அதற்குக் கெடு உண்டு. கெடுவுக்குள் நீட்டிக்க வேண்டும், கிளம்பும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். உணரியின் வேலையை மாணவரின் பொறுப்பு செய்கிறது.

திரையில் என்ன போடுவது?

‘80 சதவீதம் நிரம்பியது’ என்பது பாதித் தகவல்தான். 400 இருக்கை உள்ள தளத்தில் அதற்குப் பொருள் 80 இடம் மிச்சம். 40 இருக்கை அறையில் 8 இடம். அந்த எட்டில் ஒவ்வொன்றும் நாலு பேர் மேசையில் முன்பின் தெரியாத மூவருக்கு நடுவே இருந்தால், பலர் உட்காரத் தயங்குவார்கள். ஆகவே மிச்ச இடத்தை எண்ணிக்கையில் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு முந்தைய கணக்கு என்றும் போட வேண்டும். மின்செருகி உள்ள மேசை எது, சக்கர நாற்காலி போகும் வழி எது என்பதும் சேர்ந்தால்தான் தகவல் முழுமையாகும்.

இதைவிட முக்கியம், எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது. பயனர் பெயரோடு இணையும் வளாக வலையமைப்பில், ஒருவரின் மூன்று கருவிகளையும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்துத் துல்லியமாக எண்ண முடியும். அந்த வசதியே யார் எங்கே எத்தனை மணி வரை இருந்தார் என்ற பதிவாகவும் மாறிவிடும். கூட்டிய உடனே விவரத்தை அழித்துவிட வேண்டும். நள்ளிரவில் ஓர் அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் ‘1’ என்று காட்டவே கூடாது. அது அங்கே தனியாக இருக்கும் மாணவியின் பாதுகாப்பு.

வீட்டில் படிக்க மூலை இல்லாதவர்களுக்கும், வகுப்பு முடிந்து மாலை வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் நூலக நாற்காலிதான் படிக்கும் அறை. இந்தத் திரை மிச்சப்படுத்துவது கால் மணி நேரம் என்றாலும், அவர்களிடம் இருப்பதே ஒரு மணி நேரம்தான். அதனால் நூலகங்கள் இதை அலங்காரமாக மாட்டி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறையாவது ஒருவர் தளம் தளமாக நடந்து, திரையின் எண்ணையும் நாற்காலியில் இருக்கும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உணரி பழுதான நாளில் பழைய எண்ணைக் காட்டாமல், ‘இன்று கணக்கு இல்லை’ என்று திரையில் போட வேண்டும்.