கருவாட்டில் படியும் சிவப்பு

கருவாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் உண்டு. சுளிக்கட்டும்! ஏழையின் கஞ்சிக்குத் துணை அது. கடலோரக் குடும்பத்துக்குச் சோறும் துணியும் தரும் செல்வம் அது. அந்தச் செல்வத்தைக் கண்ணுக்குத் தெரியாத திருடர்கள் சூறையாடுகிறார்கள் என்றால், அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

தனுஷ்கோடியை நாடறியும். 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறை. 1964 டிசம்பரில் வீசிய புயல் ஊரையும் ரயிலையும் வாரிக்கொண்டு போயிற்று. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. வலையை நம்பியவன் கடலை விட்டு எங்கே போவான்? ஒருபுறம் ஆண் கடல், மறுபுறம் பெண் கடல், நடுவே மணல், மணல்மேல் குடிசை. விற்றது போக எஞ்சிய மீனை உப்பிட்டு உலர்த்தினால்தான் நாளைய பாடு.

உப்பிட்டால் கெடாது என்பது பாட்டன் காலத்துப் பாடம். பெரும்பாலும் உண்மையே. உப்பு மீனின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் அடங்கிவிடுகின்றன. ஆனால், உப்பையே உறைவிடமாகக் கொண்ட உயிர்களும் உண்டு! உப்பளப் பாத்தியில் நீர் முற்றும்போது செந்நிறம் ஏறுகிறதல்லவா? அந்த நிறத்தைத் தருவோருள் ஒருவர் ஹாலோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர். உப்போடு கருவாட்டில் குடியேறி, காற்றில் ஈரம் மிகும்போது அது பெருகுகிறது. சிவப்புப் படிகிறது, வாடை வீசுகிறது, விலை சரிகிறது. பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது வாலேமியா என்னும் பூஞ்சையின் வேலை.

இவை பொருளைக் கெடுப்பவை. உயிரையே கெடுப்பதும் ஒன்றுண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் சில வகைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் வித்திடும், அடுப்பில் வேகவைத்தாலும் முற்றாக அழியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் சிற்றூர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் யார்? வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழைகள்! சரிவர உலராத கருவாட்டிலும் அந்தப் பூஞ்சை வளரக்கூடும்.

தடுக்க வழியில்லையா? உண்டு. மணலில் பரப்பாமல் உயரப் பரண் கட்டி, வலை விரித்து உலர்த்துவது; தூய உப்பு; மீனை அலச நல்ல தண்ணீர்; ஈரம் புகாத பை. கால்சியம் புரோப்பியோனேட் கலந்த உப்புத்தூளைத் தூவினால் கெடுவது தள்ளிப்போகும். கொச்சியில் 1957 முதல் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பாம்பன் பாலம் கடந்தால் மண்டபம். அங்கேயும் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவு மணல்திட்டுக்குப் போய்ச் சேர்வதில்தான் பஞ்சம்!

"சுத்தமாக உலர்த்துங்கள்" என்று புத்தி சொல்வது எளிது. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்துப் பழகிய தாய்மார்கள், மீனை அலச நல்ல தண்ணீருக்கு எங்கே போவார்கள்? பரணுக்கு மூங்கில் யார் தருவது? குற்றம் அவர்கள் கையில் இல்லை; வெறுங்கையில் இருக்கிறது.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். கடல் பார்க்க வருவோர் அதில் விரைகிறார்கள், மகிழ்ச்சி. அதே சாலையில் நல்ல தண்ணீரும், தூய உப்பும், பரண் மூங்கிலும் வந்து சேர வேண்டாமா?