மண்ணுக்குள் வெள்ளிக் காசு!

சுத்தியலைத் தேடினார், புதையல் அகப்பட்டது

மாலை நேரம். பூங்காவில் ஒருவர் அடிமேல் அடி வைத்து நடக்கிறார். கையில் நீண்ட தடி. தடியின் நுனியில் தட்டுப் போன்ற வளையம். திடீரென்று "கீச்" என்று ஒரு சத்தம்! மனிதர் மண்டியிடுகிறார். புல்லைக் கீறி, ஆவலோடு மண்ணைத் தோண்டுகிறார். கிடைத்தது என்ன? சோடா பாட்டில் மூடி!

சீமையில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. பத்து முறை மூடியும் ஆணியும் வந்தாலும், பதினோராவது முறை பழைய வெள்ளிக் காசு வராதா என்ற ஆசைதான்.

கருவியின் சூட்சுமம் எளியது. வளையத்தில் மாறி மாறி ஓடும் மின்சாரம் காந்த சக்தியை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை உணர்ந்து கருவி குரல் கொடுக்கிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. ஆகவே வெள்ளிக் காசு ஒளிந்துகொள்வது கடினம்.

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தார் டெலிபோன் கண்ட கிரகாம் பெல். கட்டிலின் இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன. குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை.

தோட்டக்காரரின் அதிர்ஷ்டம்

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு குடியானவர் தம் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், ஓய்வு பெற்ற தோட்டக்காரர். கருவியோடு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகள், பொன் நகைகள், காசுகள் என்று வந்துகொண்டே இருந்தன!

வேறொருவராக இருந்தால் இரவோடு இரவாக மூட்டை கட்டியிருப்பார். லாஸ் தோண்டுவதை நிறுத்தினார். அதிகாரிகளுக்குச் செய்தி போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள், பெரும்பாலும் வெள்ளி. சன்மானம் 17½ லட்சம் பவுன்! அதை அந்தக் குடியானவரோடு அவர் பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

சேர மன்னனின் முகம்

நம் நாட்டில் கருவியே இல்லாமல் ஆறுகள் காசு கொடுத்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளும் சங்க காலச் சேரர் காசுகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று சிறிய வெள்ளிக் காசு. அதில் ஒரு மனிதத் தலை. தலைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் "மாக்கோதை" என்ற பெயர். ரோமானியக் காசைப் பார்த்து, சேர மன்னன் தன் முகத்தைப் பொறித்தான் என்பது அறிஞர்கள் கருத்து.

அந்தக் காசு மூசைக்குள் போயிருந்தால்? ஒரு மெட்டிக்குக்கூடக் காணாத வெள்ளி! மன்னன் முகம் மட்டும் மறைந்தே போயிருக்கும். அப்படி உருகிப் போனவை எத்தனையோ!

திட்டக்குடிக்காரர் என்ன செய்யலாம்?

திட்டக்குடியை ஒட்டி ஓடும் வெள்ளாறு, பழைய துறைமுகமான பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. இந்தக் கரையில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுபவர் மண்வெட்டியில் ஒரு கலயம் "டங்" என்று இடறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் எண்ணம், "சர்க்கார் எடுத்துக்கொண்டு போய்விடும், பேசாமல் ஆசாரியிடம் கொடுத்துவிடுவோம்" என்பதே. இந்தப் பயம்தான் பாதிச் சரித்திரத்தை உருக்கிவிட்டது.

1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் அவ்வளவு கொடியதல்ல. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசாங்கமே வைத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பூங்காவோ பழைய கோட்டையோ, கருவியைத் தூக்கிக்கொண்டு போய் இஷ்டப்படி தோண்டிவிட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

கலெக்டருக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விவரம் வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது. காசைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கி எடுத்துப் போகவேண்டாம். எழுத்து தேய்ந்துவிடும்.