நீர் போக்கும் மருந்தும் சுண்ணச்சத்தும்

கால் வீங்கினால் வாழைத்தண்டுச் சாறு அருந்தும் வழக்கம் அச்சன்புதூர் வீடுகளுக்குப் புதிதன்று. மருத்துவர் தருவதோ மாத்திரை. நீரைப் போக்குவதில் அம்மாத்திரைகள் ஒன்றுபோலத் தோன்றினும், கால்சியம் என்னும் சுண்ணச்சத்தைப் பொறுத்தவரை இரு வகைகள் நேர்மாறானவை.

சிறுநீரக நுண்குழாயின் ஹென்லே வளைவில் வேலை செய்யும் ப்யூரோசமைடு, உப்போடு கால்சியத்தையும் வெளியேற்றிவிடும். 1950-களின் இறுதியில் வழக்கிற்கு வந்த தயாசைடு வகையோ, அவ்வளைவுக்கு அப்பால் உப்பை மட்டும் போகவிட்டுக் கால்சியத்தை இரத்தத்திற்கே மீட்கிறது. சிறுநீரில் கால்சியம் மிகுந்து கல் உண்டாவோர்க்கு இதைக் கொடுப்பதும் அதனாலேயே.

100 மில்லிலிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியம் இருத்தல் இயல்பு. தயாசைடு உண்ணும் முதியோர் தாமாகவே சுண்ணச்சத்து மாத்திரையும் வைட்டமின் டியும் சேர்த்துக்கொண்டால் அளவு மீறக்கூடும். தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் தோன்றும். முதுமையின் மறதி என்று வீட்டார் வாளாவிருப்பதே இதில் பெருந்தொல்லை. இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்.